முதல் பனிமலையைத் தேடும் பிள்ளைகளுக்கு

ஆல்ப்ஸில் முதன்முதலாகச் சறுக்கப் போகிறவர்கள் எந்த ஊர் நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். சாயங்காலம் கால் ஓய்ந்த பிறகு மலையிலிருந்து எப்படி இறங்குவீர்கள் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. கிலோமீட்டர் கணக்கில் மயங்காதீர்கள். பிரான்சின் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்ற சறுக்குப் பகுதியில் மொத்தம் 600 கி.மீ. சரிவு இருக்கிறது. ஆனால் முதல் வாரம் முழுக்க நீங்கள் ஓரிரு சரிவுகளில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

2. நிறத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரான்சில் எளிய சரிவுக்குப் பச்சை, அடுத்து நீலம், சிவப்பு, கறுப்பு. ஆஸ்திரியாவில் நீலத்திலிருந்தே தொடங்கும். ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் சிவப்பாக இருக்கும்.

3. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டன் எனக்கு மிகப் பிடித்த மலை. சறுக்கலை முறைப்படி கற்பித்த ஹான்னஸ் ஷ்னைடர் பள்ளி நடத்திய ஊர். ஆனாலும் உங்களை அங்கே அனுப்ப மாட்டேன். அங்கே நீலச் சரிவே செங்குத்து. ஊருக்கு இறங்கும் கடைசிச் சரிவைப் பிற்பகல் நாலு மணிக்குப் பார்க்க வேண்டும்: பகல் முழுக்க ஆயிரக்கணக்கான கால்கள் அரைத்த பனி மேடு மேடாகக் குவிந்திருக்கும், மேடுகளுக்கு நடுவே வழவழவென்று பனிக்கட்டி. அந்தச் சரிவோரத்தில்தான் மூசர்விர்ட் என்ற பெயர்பெற்ற மதுக்கூடம். ஸ்கீ பூட்ஸோடு மேசைமேல் ஏறி ஆடிவிட்டு, இருட்டிய பிறகு மீதித் தூரத்தைச் சறுக்கியே இறங்குவார்கள். புதியவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்த ஊருக்குத்தான் போவேன் என்றால், கால்ட்சிக் கேபிள் காரிலேயே கீழே வந்துவிடுங்கள்.

4. என் சொல் கேட்பவர்கள் சுவிட்சர்லாந்தின் வெங்கனுக்குப் போகட்டும். கார் நுழையாத ஊர். லாட்டர்புருன்னனிலிருந்து ரயில் ஏற வேண்டும். பயிற்சிச் சரிவு ஊர் நடுவிலேயே இருக்கிறது. அதே ரயில் 2,061 மீட்டர் உயரத்தில் இருக்கும் க்ளைன ஷைடெக் வரை ஏறும். எதிரே ஐகர் மலை நிற்கும். பயம் வந்தால் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் திரும்பிவிடலாம். இரவில் ஆட்டபாட்டம் குறைவு. மறுநாள் காலை வகுப்புக்கு அதுவே நல்லது.

5. உயரமான ஊரில் பனி நிச்சயம், உண்மைதான். ஆனால் 2,300 மீட்டரில் இருக்கும் பிரான்சின் வால் தோரன்ஸில் மரமே கிடையாது. மேகம் இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. பள்ளம் எது, மேடு எது என்று காலுக்குத் தெரியாது. வானம் மூடிய நாளில் மரங்கள் இருக்கும் சரிவுதான் பாதுகாப்பு.

6. கூட்டம் ஊரைவிட நாளைப் பொறுத்தது. பிப்ரவரியில் பிரான்சின் பள்ளிகளுக்கு விடுமுறை. லிஃப்ட் வரிசை நீளும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த ஜனவரி வாரங்கள் நிம்மதி. பகல் 12 மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நீங்கள் சறுக்குங்கள். வெங்கனுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே லாபர்ஹார்ன் சறுக்குப் பந்தயம் ஜனவரியில்தான் நடக்கும். அந்த நாட்களில் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. பந்தயத் தேதியைப் பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.