காவலை அடக்கும் காவல்

நுழையும்முன்

நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்பவை எதிர்ப்பொருள்கள். அவற்றையே மிகுதியாகச் செலுத்தினால், வரம்பு மீறிய தடைகாப்புச் செல்கள் அடங்குகின்றன. இம்முரண் மருந்தான வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

வேலியே பயிரை மேய்தல்

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை இரத்தத் தட்டுகள் உள்ளன. காயத்தின் வாயை அடைத்துக் குருதிப்பெருக்கை நிறுத்துவது இவற்றின் பணி. சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் வைரஸ் தொற்றுக்குப் பின்னர், எதிர்ப்பொருள்கள் இத்தட்டுகளையே பகையெனக் கொண்டு அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணீரலிலுள்ள பெருவிழுங்கு செல்கள், எதிர்ப்பொருளின் அடிப்பகுதியைத் தம் ஏற்பிகளால் பற்றி, தட்டுகளை விழுங்கிவிடுகின்றன. தோலில் செம்புள்ளிகள் தோன்றும். மூக்கில் குருதி வடியும். அரிதாக மூளைக்குள் குருதி கசிந்து உயிருக்கே ஊறு நேரும்.

பெர்ன் நகரில் கண்ட உண்மை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் குழந்தை மருத்துவர் பால் இம்பாக், இந்நோயுற்ற சிறுவன் ஒருவனுக்கு மருத்துவம் செய்தார். அவன் உடலில் எதிர்ப்பொருள்களின் அளவும் குறைந்திருந்தது. அக்குறையை ஈடுசெய்ய, இம்யூனோகுளோபுலின் எனப்படும் எதிர்ப்பொருள் மருந்து சிரைவழியே செலுத்தப்பட்டது. எதிர்பாராத வகையில் தட்டுகளின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. பின்னர் 13 குழந்தைகளுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள்கள் இம்மருந்து அளிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 1981ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியாயின.

சீற்றம் தணியும் வகை

செலுத்தப்பட்ட எதிர்ப்பொருள்கள் பெருவிழுங்கு செல்களின் ஏற்பிகளில் சென்று அமர்கின்றன. இருக்கைகள் நிரம்பிய பேருந்தில் புதியவர் அமர இயலாததுபோல, தட்டுகளைப் பற்ற அச்செல்களுக்கு ஏற்பிகள் எஞ்சுவதில்லை. எதிர்ப்பொருள்களைச் சிதையாமல் காத்து மீண்டும் குருதிக்கு அனுப்பும் மற்றோர் ஏற்பியும் நிரம்பிவிடுகிறது. அதனால் தீங்கிழைக்கும் எதிர்ப்பொருள்கள் விரைந்து அழிகின்றன. செல்லின் கிளர்ச்சியைத் தடுக்கும் ஏற்பிகள் மிகுவதை எலிகளில் நிகழ்த்திய ஆய்வுகள் காட்டின.

பலர் தந்த கொடை

இதன் பயன் பெரும்பாலும் சில வாரங்களே நீடிக்கும். குழந்தைகளில் பலர் சில மாதங்களில் தாமாகவே நலம்பெறுவர்; இடர்மிகுந்த நாள்களைக் கடக்க இம்மருந்து துணைநிற்கிறது. காய்ச்சல், தலைவலி போன்ற பக்கவிளைவுகளும் இதற்கு உண்டு. இம்மருந்தை ஆய்வகத்தில் மட்டும் உருவாக்கிவிட இயலாது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் கொடையாக அளித்த பிளாஸ்மாவிலிருந்தே இது பிரித்தெடுக்கப்படுகிறது. ஒரு குழந்தையின் உடலில் தடம்மாறிய காவலை, முகமறியாத பலரின் காவல் அடக்குகிறது.