பக்கத்து மனையில் பள்ளம் தோண்டும்போது

நம்பிக்கை: "பள்ளம் வேலிக்கு அந்தப் பக்கம். தடுப்புச்சுவரும் போட்டாயிற்று. நமக்கென்ன?"

உண்மை: எவ்வளவு உறுதியான தடுப்புச்சுவரும் பள்ளத்தின் பக்கம் கொஞ்சம் வளையும், அதன் பின்னால் இருக்கும் மண் கூடவே இறங்கும். இறுகிய களிமண்ணில், ஒழுங்காக நடக்கும் வேலையிலும் ஆழத்தில் ஆயிரத்துக்கு 2 பங்கு நகர்வு சாதாரணம். 10 மீட்டர் பள்ளத்துக்கு 20 மில்லிமீட்டர். பாதிப்பு ஆழத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் எட்டும். 2015 ஜூலையில் மெல்பர்னின் மவுண்ட் வேவர்லியில் பள்ளத்தின் பக்கம் சரிந்து, அடுத்த வீடுகள் விளிம்பில் நின்றன. அப்படி இடிவது அரிது. சத்தமில்லாமல் இறங்குவதே அதிகம்.

நம்பிக்கை: "பம்பு இறைப்பது பள்ளத்துத் தண்ணீரை மட்டும்."

உண்மை: என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடினால் பக்கத்துக் கிணறு வற்றுவதை ஊரில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் அதே கதை. மண்துகள்களுக்கு இடையே நிற்கும் தண்ணீர் மேற்சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் சுமை கூடுதலாகத் துகள்கள்மேல் ஏறும். சிட்னியின் பாட்டனி மணல் அதற்குச் சட்டென்று, கொஞ்சமாக அமுங்கும். மெல்பர்னில் யாரா ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடக்கும் கூட் ஐலண்ட் வண்டல் களியோ வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதே நகரில் 2000 டிசம்பரில் திறந்த பர்ன்லி சுரங்கச்சாலைக்குள் நீர் கசிந்து சுற்றுவட்டார நீர்மட்டம் இறங்கிவிடக்கூடாது என்று, நிலத்துக்குள் தண்ணீரைத் திரும்பச் செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தது இதனால்தான்.

நம்பிக்கை: "கட்டடம் எழும்பிவிட்டது, இனிப் பயமில்லை."

உண்மை: மணலில் பெரும்பாலும் சரி. வருடக்கணக்கில் அமுங்கும் அந்த வண்டலில் சரியில்லை.

நம்பிக்கை: "விரிசல் விட்டால் பக்கத்து வேலைதான் காரணம்."

உண்மை: மேற்குச் சிட்னியின் களிமண் வறட்சியில் சுருங்கும், மழையில் உப்பும், அதிலும் சுவர் விரியும். 2019 ஜூன் 14 அன்று சிட்னியின் மாஸ்கட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் 132 வீடுகளிலிருந்தும் மக்களை வெளியேற்றினார்கள். விரிசலுக்குப் பக்கத்துக் கட்டுமானம் காரணமா என்ற வாதம் வழக்கு வரை போனது. குடும்பங்கள் சேமிப்பை இழந்து நின்றன. ஆகவே, தோண்டுவதற்கு முன்பே உங்கள் வீட்டின் நிலையைப் பதிவுசெய்யும் அறிக்கையைக் கேளுங்கள். பல கவுன்சில்கள் அதை அனுமதி நிபந்தனையாகவே வைக்கின்றன. கதவுச்சட்டத்தின் மேல்மூலையில் மயிரிழை விரிசல் தெரிகிறதா? அதன் நுனியில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு, தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்.