தரை ஆடினால் என்ன செய்வோம்?

வகுப்பில் இந்தத் தலைப்பை எடுத்தாலே ஒரு கேள்வி வந்துடும். "நிலநடுக்கமெல்லாம் இந்தோனேசியாவுக்கும் ஜப்பானுக்கும் தானே அக்கா?"

பாதி உண்மை. நம் தீபகற்பம் நிலத்தட்டுகளின் விளிம்பில் இல்லை. ஆனால் விளிம்பு நமக்குப் பக்கத்து வீடு. சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தீவின் நெடுகிலும் இன்னொரு பிளவு ஓடுகிறது. அங்கே பெரிதாக அசைந்தால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மாடி வீட்டு விளக்கு ஆடுகிறது. உள்ளூரிலும் சின்னச் சின்ன நடுக்கங்கள் உண்டு. 2007 முதல் 2009 வரை பகாங் புக்கிட் திங்கியில் உணரப்பட்டது. 2025 ஆகஸ்டு 24 காலையில் ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவில் ஒன்று.

20ஆவது மாடியில் இருப்பவருக்குத் தலை சுற்றுகிறது, கீழே தேநீர் குடிப்பவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏன்? நிலநடுக்கத்தின் வேகமான அதிர்வுகள் தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். மெதுவான, நீண்ட அலைகள் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். உயரமான கட்டடமும் இயல்பாகவே மெதுவாக ஆடும் தன்மை கொண்டது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் எப்படி உயரே போகுமோ, அதேதான் இங்கே நடக்கிறது. அடியில் இளகிய களிமண் இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். 1985இல் மெக்சிகோ நகரம் இடிந்தது அப்படித்தான். நடுக்கம் ஏற்பட்டதோ 350 கிலோமீட்டருக்கும் அப்பால், கடலோரத்தில். நகரம் இருந்ததோ பழைய ஏரிப் படுகையின் மேல்.

சபா கதை வேறு. அங்கே நடுக்கம் காலடியிலேயே வரும். 2015 ஜூன் 5 காலை 7.15க்கு ரானாவில் 6.0 அளவில் பூமி குலுங்கியது. கினபாலு மலையில் பாறைகள் உருண்டு 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மலையேற வந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும், அவர்களைக் காக்க முயன்ற உள்ளூர் மலை வழிகாட்டிகளும் அதில் அடக்கம்.

அந்தச் சமயத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. சில நாள் முன்பு வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடையின்றிப் படம் எடுத்தார்கள், அதனால் மலை கோபித்துக்கொண்டது என்று. மலையைப் புனிதமாக வணங்கும் மக்களின் மனம் புண்பட்டது நியாயம்தான். திருவண்ணாமலையை வலம் வரும் நமக்கு அது புரியாதா? ஆனால் காரணம் தட்டின் அசைவு. 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது, தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்றார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த தாகூர், இயற்கை நிகழ்வை அப்படி விளக்கக் கூடாது என்று மறுத்து எழுதினார். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டார். நான் தாகூர் பக்கம். செத்துப்போன குழந்தை எந்தப் பாவத்துக்குத் தண்டனை பெற்றது என்று அதன் அம்மாவிடம் யார் சொல்வது? அதோடு, "எல்லாம் விதி" என்று உட்கார்ந்துவிட்டால் அலமாரியைச் சுவரோடு சேர்த்து யார் திருகு போட்டு முடுக்குவார்கள்?

சரி, ஆடும்போது என்ன செய்யணும்? குனி, மறை, பிடி. முட்டி போட்டுக் குனியுங்கள். உறுதியான மேசைக்கு அடியில் போய்த் தலையையும் கழுத்தையும் மறையுங்கள். மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேசை நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். மேசை இல்லையா? கண்ணாடி சன்னலுக்குத் தள்ளி, உள்சுவரோரம் குனிந்து கைகளால் தலையை மூடுங்கள். படுக்கையில் இருந்தால் அங்கேயே கிடந்து தலையணையைத் தலைமேல் வையுங்கள். கதவு நிலையில் நிற்கச் சொல்வது பழைய பேச்சு. ஆடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஓடாதீங்க, படிக்கட்டில் விழுவதும் மேலிருந்து விழும் பொருளும் தான் அதிகம் காயப்படுத்தும். லிஃப்ட் கூடவே கூடாது. வெளியே இருந்தால் கட்டடம், மின்கம்பிக்குத் தள்ளி நில்லுங்கள். கோயிலில் இருந்தால் கோபுரத்தின் கீழே நிற்காதீர்கள், சுதைச் சிற்பங்கள் உதிரலாம்.

நம் வீடுகளுக்கென்று இரண்டு விஷயம் இருக்கு.

ஒன்று, சாமி மேடை. எரியும் விளக்கு, பக்கத்தில் எண்ணெய் பாட்டில், கற்பூரம், மேலே ஒற்றை ஆணியில் கண்ணாடிப் படங்கள், உயரத்தில் கனமான பித்தளைக் குத்துவிளக்கு. இதைவிட வேறென்ன வேண்டும் தீப்பிடிக்க? விளக்கை அகலமான தட்டில் வையுங்கள், எண்ணெயையும் கற்பூரத்தையும் மூடிய பெட்டியில் கீழே வையுங்கள், படங்களுக்கு இரண்டு கொக்கி போடுங்கள். எரியும் விளக்கை விட்டுவிட்டு வெளியே போகவோ தூங்கவோ வேண்டாம். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மின்விளக்கு பற்றி மெதுவாகப் பேசுங்கள், சண்டை வேண்டாம்.

இரண்டாவது, செருப்பு. நாம் அதை வாசலுக்கு வெளியே விடுகிறவர்கள். இரவில் கண்ணாடி நொறுங்கித் தரையெல்லாம் கிடந்தால், படுக்கையிலிருந்து வாசல் வரை வெறுங்காலில் தான் நடக்கணும். ஒரு பழைய ஜோடியைக் கழுவி, பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். அதே பையில் டார்ச் லைட், விசில், பவர் பேங்க், குடிநீர், அப்பாவின் மருந்து, ஐசி நகல்.

ஆட்டம் நின்றதும் கேஸ் தோம்பை மூடுங்கள், விளக்கை அணையுங்கள், படிக்கட்டு வழியாக இறங்குங்கள். பின்னதிர்வுகள் வரலாம். தீயோ காயமோ இருந்தால் மலேசியாவில் 999 அழையுங்கள். சும்மா விசாரிக்க அழைத்து லைனை அடைக்காதீர்கள், குடும்பத்துக்குக் குறுஞ்செய்தி போதும்.

கடலோரத்தில் இருந்தால் வேறு விதி. நீண்ட நேரம் ஆடினாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் உயரமான இடத்துக்குப் போங்கள். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நடுக்கம் வந்து, சில மணி நேரம் கழித்துத்தான் அலை பினாங்கையும் கெடாவையும் அடைந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். இடையில் அவ்வளவு நேரம் இருந்தும் அன்று எச்சரிக்க இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் அமைப்பு இல்லை. இப்போது இருக்கிறது. நம் நாட்டு எச்சரிக்கையை மெட்மலேசியா தருகிறது. வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவதற்கு முன் அங்கே பாருங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டின் படம் ஒன்று வரைந்து வாருங்கள். எந்த மேசை, எந்தச் சுவர், கீழே இறங்கிய பிறகு குடும்பம் கூடும் இடம் எது, மூன்றையும் குறித்துக்கொண்டு.