இட்லிக் கடையும் தொழில்தான்



தொழில் முனைவோர் என்றதும் கம்ப்யூட்டர் கம்பெனியும் கண்ணாடிக் கட்டிடமும்தான் நினைவுக்கு வருது. குழுக் கூட்டத்தில் கேட்டால், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கடை போடுகிற அக்காவே "தொழில் எல்லாம் இல்லைங்க, சும்மா இட்லி சுட்டு விக்கிறேன்" என்கிறார். பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் படிப்புக்கான ஃபீஸ் அந்த இட்லியில் இருந்துதான் போகுது!

ராயப்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மயிலாப்பூர். அங்கே இருந்து செயல்பட்டதுதான், ஜெயா அருணாசலம் அவர்கள் 1978-இல் தொடங்கிய 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்ற உழைக்கும் பெண்கள் அமைப்பு. அதற்கு முன் வெள்ள நிவாரணப் பணிக்காகச் சென்னைக் குடிசைப் பகுதிகளுக்குப் போனவர், அங்கே பூ, காய்கறி, மீன், இட்லி விற்கும் பெண்களைப் பார்த்தார். அவர்களுக்கு வியாபாரம் தெரியும். முதல்தான் இல்லை. அந்த முதலுக்காகத் தண்டல்காரரிடம் போக வேண்டியிருந்தது.

தண்டல் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். 5,000 ரூபாய் கடன் என்பார்கள். 500 ரூபாயை முன்னாடியே பிடித்துக்கொண்டு கையில் தருவது 4,500. தினம் 50 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆக வட்டி 500 ரூபாய். அதே 4,500 ரூபாயை நம் குழுவில், மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியில் வாங்கி, அதே 100 நாளில் சிறுகச் சிறுகக் கட்டினால் வட்டி சுமார் 75 ரூபாய்தான். மிச்சம் 425 ரூபாய் யாருடைய உழைப்பு?

அந்த அமைப்பு பெண்களைப் பத்து இருபது பேராகக் குழு சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க வைத்து, வங்கியில் வருடத்துக்கு 4 சதவீத வட்டியில் கடன் வாங்கித் தந்தது. ஆனால் வங்கி திறக்கும் நேரம்தான் வியாபார நேரமும். ஃபாரம் நிரப்பவும் அலையணும். அதனால் 1981-இல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். ஜெயா அருணாசலம் 2019-இல் காலமானார்.

இந்தப் பெண்கள் புது மிஷின் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்கு எவ்வளவு மாவு ஆட்டணும், மழை வந்தால் எவ்வளவு குறைக்கணும், யாருக்குக் கடன் சொல்லலாம் என்று தினமும் முடிவு எடுத்தார்கள். நம் ஊரில் கறவை மாடு வைத்திருப்பவரும் கூடை முடைகிறவரும் செய்வது இதேதான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஏழு நாள் கணக்கை நோட்டில் எழுதிக் கொண்டு வாங்க. விற்ற பணம், அரிசி, உளுந்து, கேஸ், பஸ் செலவு, வட்டி எல்லாம் வரட்டும். நிறைய பேர் விட்டுவிடுகிற ஒரு வரியும் இருக்கு: உங்கள் கூலி. பக்கத்து வீட்டுப் பெண்ணை அந்த வேலைக்கு வைத்தால் ஒரு நாளைக்கு என்ன கொடுப்பீர்களோ, அதை எழுதுங்க. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம்.