தார்ப்பாய் போக வேண்டிய இடம்

கனடாவின் தென் ஒன்டாரியோவிலும், ஐம்பெரும் ஏரிகளை ஒட்டிய அமெரிக்க மாநிலங்களிலும், துணிக்கூரை கன்வெர்டிபிள் கார்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சாலைக்கு வருவதில்லை. கராஜ் இல்லாதவர்களின் கார் அந்த மாதங்கள் முழுதும் வீட்டு வாசலில், பனியிலும் மழையிலும் நிற்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5 இவற்றில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்று. 1989இல் வெளிவந்த முதல் தலைமுறைக் காரில் பின்ஜன்னல் ஒளிபுகும் பிளாஸ்டிக். கண்ணாடி ஜன்னல் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் கிடைத்தது. இந்த வேறுபாடு கீழே உதவும்.

இந்தக் கார்களைப் பற்றி ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தவறாமல் கிளம்பும் அறிவுரை ஒன்று உண்டு: “நீல நிறத் தார்ப்பாயை மேலே போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.” சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஏப்ரலில் வந்து அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

முதலில், துணிக்கூரை மழைக்காகவே செய்யப்பட்டது. நல்ல ரகக் கூரைகளில் மேலே அக்ரிலிக் நெசவு, நடுவே ரப்பர் படலம், உள்ளே இன்னொரு துணி என மூன்று அடுக்கு. தண்ணீரை உண்மையில் தடுப்பது நடு அடுக்கு. பழைய எம்எக்ஸ்-5இன் வினைல் கூரையோ துணிமேல் படிந்த பிவிசி; அதுவும் நீர் புகாதது. தையலும் ரப்பர் விளிம்புகளும் ஒழுங்காக இருந்தால் மழை உள்ளே வராது. அவை கெட்டிருந்தால் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். மூடிவைத்தால் கேடு மறையும், தீராது.

இரண்டாவது, குளிர்காலத்தில் காரை நனைக்கும் தண்ணீரில் பெரும்பங்கு மேலிருந்து வருவதே இல்லை. காற்றில் உள்ள நீராவியும் இதற்குப் போதாது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் ஏறத்தாழ 4.8 கிராம். சிறிய இருவர் காரின் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் குளிர்ந்தாலும் வெளிப்படுவது சில கிராம் நீர், இரண்டு தேக்கரண்டி அளவு. உண்மையான ஊற்று காருக்கு அடியில் இருக்கும் மண். குளிர்காலத்தில் மண் பெரும்பாலும் மேலுள்ள காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். இரவும் பகலும் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கும். திறந்த வெளியில் அதைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். தார்ப்பாய் தரைவரை தொங்கினால் போக வழியில்லை.

பகலில் வெயில் பட்டுத் தார்ப்பாய்க்கு உட்புறம் சூடேறுகிறது; மண்ணும், நனைந்த தரைவிரிப்பும் கூடுதலாக ஆவியை விடுகின்றன. தெளிந்த இரவில் பிளாஸ்டிக் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிச் சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. இட்லிக் கொப்பரை மூடியின் அடியில் நீர் கோப்பதுபோல அதன் அடிப்பக்கம் நீர் கோத்து, கூரைமேல் சொட்டுகிறது. தொரன்டோ போன்ற ஊர்களில் குளிர் ஒரே நிலையில் நிற்பதும் இல்லை; உறைவதும் உருகுவதுமாக இந்தச் சுற்று மீண்டும் மீண்டும் நடக்கிறது. மழையில் நனைந்த கூரை அடுத்த காற்றில் காய்ந்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் நனைந்த கூரை காய்வதே இல்லை.

“குளிரில் பூஞ்சை வளராது” என்று இதற்கு ஒரு பதில் வருவதுண்டு. பாதி உண்மை. உறைநிலையில் பூஞ்சை தூங்கும், சாகாது. மார்ச்சில் பகல் வெப்பம் ஏறும்போது தார்ப்பாய் இன்னும் கட்டியபடியே இருக்கும். தையல் நூல், இருக்கை, விரிப்பு எல்லாம் ஊறிப்போயிருக்கும். கறுப்புப் புள்ளிகள் தோன்றுவது அந்தச் சில வாரங்களில்தான்.

மூன்றாவது, காற்று. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தார்ப்பாய் படபடக்கும். அடியில் சிக்கிய மணல் துகள்களோடு அது மாதக்கணக்கில் உரசினால் பெயின்ட் மங்கும். முதல் தலைமுறைக் காரின் பிளாஸ்டிக் பின்ஜன்னல் வசந்தத்தில் பால் படிந்ததுபோல் ஆவதற்கு இந்த உரசலே போதும்.

தார்ப்பாய் வீணான பொருள் என்று இதற்குப் பொருளில்லை. அது போக வேண்டிய இடம் காரின் அடி. காரை நிறுத்துவதற்கு முன் தரையில் விரித்தால் மண்ணின் ஆவி அங்கேயே தடுக்கப்படும். இரண்டு நிபந்தனைகள்: விளிம்பு காரின் நிழலைத் தாண்டி நீளக்கூடாது, தரை சற்றுச் சரிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகிய பனி அதன்மேல் குளமாகும். புல்தரையில் நிறுத்துவதை எந்த விரிப்பும் ஈடுசெய்யாது. காரின் மேலே போட ஏற்றது, ஆவியை வெளியே விடும் பல அடுக்கு பாலிபுரோப்பிலீன் உறை, காரின் அளவுக்கே தைத்தது, அடிவயிற்றில் வார் உள்ளது. அதுவும் அற்புதம் செய்யாது. ஈரத்தில் உறைந்து கூரையோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது பிடித்து இழுக்கக்கூடாது. கியூபெக்கில் குளிர்காலத்துக்கு மட்டும் எழுப்பும் குழாய்ச் சட்டக் கூடாரங்கள் இதைவிட மேல்: கூரைக்கும் காருக்கும் இடையே காற்று நடமாடுகிறது.

இத்தனை பேர் தார்ப்பாய்க்குக் கடைக்கு ஓடும்போது, வடிகுழாய்களை எட்டிப் பார்ப்பவர்கள் வெகு சிலர். எம்எக்ஸ்-5இன் கூரையில் வழியும் நீர் பின்னால் உள்ள வாய்க்காலில் சேர்ந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய்களில் இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளியேறுகிறது. இலைத்தூளும் மண்ணும் சேர்ந்தால் குழாய் அடைபடும். நீர் காருக்குள் வழியும், கதவுக்குக் கீழுள்ள உள்கூடான இரும்புப் பெட்டியில் தேங்கும். பழைய எம்எக்ஸ்-5களைத் துரு தின்பது அதிகமும் இந்த இடத்தில்தான், அதுவும் உள்ளிருந்து. தேங்கிய நீர் உறைந்தால் ஒன்பது விழுக்காடு விரியும்; முதிர்ந்த குழாய் தாங்காது. சோதனை எளிது: வாய்க்காலில் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றினால் அடியில் அதே வேகத்தில் வர வேண்டும். வராவிட்டால், புல்வெட்டிக்குப் பயன்படும் நைலான் இழையை மெல்ல நுழைத்துச் சுத்தம் செய்யலாம். விறைத்த கம்பியும் அழுத்தக் காற்றும் குழாயை இணைப்பிலிருந்து கழற்றிவிடும். அக்டோபரில் ஒரு முறை, இலை முழுதும் உதிர்ந்தபின் இன்னொரு முறை.

அடிப்பாகம் கழுவுவதும் இதே கணக்கில் வரும். மாசுள்ள காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த அரிப்பு ஆய்வாளர் வெர்னன் இதைச் சோதனைகளில் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சில உப்புகள் அந்த எல்லையை இன்னும் கீழே இறக்குகின்றன. சாதாரண உப்பு 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையும். பனி உருக்கத் தெளிக்கும் கால்சியம், மக்னீசியம் குளோரைடுகளுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. உப்புச் சாலையில் ஒரே ஒரு நாள் ஓடிய காரைக் கழுவாமல் நிறுத்தினாலும் அதன் அடிவயிறு குளிர்காலம் முழுதும் ஈரமாகவே இருக்கக்கூடும்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது நல்லது என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. சூடேறாத சைலன்சரிலும் என்ஜின் எண்ணெயிலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறவும் அந்தப் பத்து நிமிடம் போதாது. ஓட்டுவதானால் அரைமணி நேரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. பேட்டரியைக் கழற்றி உள்ளே வைக்கலாம், அல்லது பராமரிப்புச் சார்ஜரில் இணைக்கலாம். முழு சார்ஜுள்ள பேட்டரி கனடியக் குளிரில் உறையாது. தீர்ந்துபோனது மைனஸ் பத்துக்கு முன்பே உறைந்துவிடும்.

கூரையை மடித்து வைத்தால் தேய்மானம் மிச்சம் என்பது தவறு: மடிப்பு அப்படியே பதியும், குளிரில் விறைத்த பிளாஸ்டிக் ஜன்னல் விரிக்கும்போது வெடிக்கும். கூரை மேலேறி, கொக்கி மாட்டியே நிற்க வேண்டும். பனியின் எடை ஒன்றுமில்லை என்பதும் தவறு. படிந்து ஈரமேறிய பனி ஒரு கனமீட்டருக்கு 300 கிலோ இருக்கலாம். முப்பது சென்டிமீட்டர் சேர்ந்தால் சதுர மீட்டருக்குத் தொண்ணூறு கிலோ. மென்மையான துடைப்பத்தால் தள்ள வேண்டும், மண்வாரியால் அல்ல. எலிக்கு அந்துருண்டை போட்டால் எலி போகிறதோ இல்லையோ, நாற்றம் துணிக்கூரையை விட்டு எளிதில் போகாது. புகைபோக்கியின் வாயில் இரும்புப் பஞ்சு அடைப்பதே மேல், அதை எடுக்க மறக்காதபடி ஸ்டியரிங்கில் ஒரு சீட்டோடு. கைபிரேக்கைப் போட்டுவைத்தால் பின்பிரேக்குகள் பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

வசந்தத்தில் உறையை எடுக்கும் நாள் வறண்ட நாளாக இருக்க வேண்டும். ஜன்னல்களை இறக்கிச் சில மணி நேரம் காற்றாடவிட்டு, இருக்கைக்குப் பின்னுள்ள விரிப்பைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வடிகுழாய், பிறகுதான் கூரை. பிரேக் தட்டில் தெரியும் செம்மை வெறும் மேல்துரு. மெதுவாக ஓட்டிச் சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.