ஒருவருக்கு ஒரு திட்டம்: வேலைக்கு முன்னால் நிற்கும் தடையைக் கண்டுபிடிப்போம்



நம் ஊர்களில் சில வீடுகளுக்குப் போனால் கூடத்தின் மூலையில் ஒரு தையல் மிஷினைப் பார்க்கலாம். அதன் மேல் ஒரு பழைய துணி போர்த்தியிருக்கும்; துணியின் மேல் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் இருக்கும். எப்போதோ ஒரு விழாவில் கொடுத்த மிஷின் அது. கொடுத்தவர்கள் நல்ல நிய்யத்துடன்தான் கொடுத்தார்கள். வாங்கிய சகோதரியும் உழைத்துச் சாப்பிட ஆசைப்பட்டவர்தான். ஆனால் அவருக்கு ஜாக்கெட் வெட்டத் தெரியாது. சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுக் கற்றுக்கொள்ளப் போகவும் வழியில்லை. இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுத்தோம். எல்லோருடைய கஷ்டமும் ஒன்றல்ல என்பதை மறந்துவிட்டோம்.

வேலையில்லாத ஒருவருக்கு உதவுவது எப்படி என்பதை இந்த இதழில் ஒரு பாடமாகப் படிப்போம். பைத்துல்மால் பொறுப்பாளர்களுக்கு மட்டுமான பாடமல்ல இது. வீட்டில் வேலை தேடும் மகன், மகள், தம்பி, மருமகள் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய முறை

அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததாக அபூதாவூத் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நாம் பலமுறை கேட்டதுதான். அன்சாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். உம் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் முதலில் கேட்டார்கள். உடுத்தவும் விரிக்கவும் ஒரு துணி, தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம், அவ்வளவுதான் என்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, ஏலம் விட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கி வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள். மற்றதற்கு ஒரு கோடரி வாங்கி வரச் சொல்லி, தம் கையாலேயே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்று வாரும், பதினைந்து நாள் உம்மை இங்கே பார்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்து திர்ஹம் இருந்தது.

உழைப்பின் சிறப்பைச் சொல்ல இந்த நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுவார்கள். இதில் ஒரு முழுத் திட்டமும் இருக்கிறது. வரிசையாகப் பாருங்கள்:

1. இல்லாததைப் பற்றிப் பேசும் முன் இருப்பதைக் கேட்டார்கள்.
2. அவருடைய பொருளையே முதலாக்கினார்கள். அவர் வெறுங்கையோடு வாங்கிப் போகவில்லை.
3. அன்றைய பசியை முதலில் தீர்த்தார்கள். வீட்டில் சோறு இல்லாதவரால் வேலையில் மனம் வைக்க முடியாது.
4. அவரால் செய்யக்கூடிய, அந்த ஊரில் விலைபோகக்கூடிய வேலைக்கு உரிய கருவியைக் கொடுத்தார்கள். உடனே பயன்படுத்தும்படி பிடியும் போட்டுக் கொடுத்தார்கள்.
5. காலம் குறித்தார்கள். காலம் முடிந்ததும் என்ன ஆனது என்று தெரிந்துகொண்டார்கள்.

உலகில் இன்று வேலைவாய்ப்பு உதவியில் அனுபவமுள்ளவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு வந்த மறுவாழ்வுச் சட்டம், மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்குத் தயார்படுத்தும்போது அவருக்கென்று தனியாக எழுதப்பட்ட திட்டம் இருக்க வேண்டும் என்றது. அவரும் சேர்ந்து அந்தத் திட்டத்தை எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை.

தடை எங்கே இருக்கிறது?

“வேலை கிடைக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். பெரும்பாலும் அவை ஐந்து வகைக்குள் அடங்கும்.

சான்றிதழ்: ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். சாதிச் சான்றிதழ் வாங்கவே இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. சான்றிதழ் கையில் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

படிப்பும் தொழிலும்: படிப்பு பாதியில் நின்றிருக்கும். அல்லது தொழில் நன்றாகத் தெரியும், காட்டுவதற்குச் சான்றிதழ் இருக்காது.

வீடு: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. படுக்கையில் வயதான மாமியார். “நம் வீட்டுப் பெண் வேலைக்குப் போவதா?” என்று கேட்கும் உறவினர்கள்.

உடலும் மனமும்: நெடுநாள் நோய், ஊனம், மனச்சோர்வு, போதைப் பழக்கம். இவற்றை நாம் வெளியே சொல்வதில்லை. அதனாலேயே உதவியும் கிடைப்பதில்லை.

வெளியே இருப்பவை: கடன், போக்குவரத்து, ஆள் எடுப்பவரின் மனநிலை. பர்தா அணிந்து வந்தால் வேலை இல்லை என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் குறை இல்லை. அவரை மதித்து வேலை கொடுக்கும் இடங்களைத் தேடி அறிமுகம் செய்வது நம் பொறுப்பு.

ஒருவருக்கு இந்த ஐந்தில் மூன்று இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்க்க முடியாது. எது தீர்ந்தால் மற்றவை நகருமோ அதை முதலில் பிடிக்க வேண்டும்.

மூன்று பேர், மூன்று திட்டங்கள்

பாடம் விளங்குவதற்காக மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். இவர்கள் எடுத்துக்காட்டுகள்தான், ஆனால் இவர்களைப் போன்றவர்கள் எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார்கள்.

முதலாமவர் ஹிஃப்ழு முடித்த 19 வயதுத் தம்பி. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. வெளிநாடு போக வேண்டும் என்கிறார். ஏஜென்டுக்குக் கட்டப் பணம் கேட்டு வீட்டில் நகையை அடகு வைக்கப் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்தியாவில் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். தொழில் எதுவும் தெரியாமல் போனால் அங்கே கிடைப்பது குறைந்த சம்பள வேலைதான். ஆகவே நகை பீரோவிலேயே இருக்கட்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை அவர் எழுதலாம். எட்டாம் வகுப்பு தேறியவருக்கு அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. கூடவே பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். குர்ஆனை மனனம் செய்த நினைவாற்றலும் ஒழுங்கும் அவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க, மாலையில் ஒரு மணி நேரம் தரக்கூடிய ஓர் ஆசிரியர் போதும். பின்னால் வெளிநாடு போவதென்றாலும், ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டாமவர் 20 வருடம் சவூதியில் டிரைவராக இருந்து திரும்பிய 48 வயது அண்ணன். ஊரில் வேலை இல்லை என்கிறார். உட்கார்ந்து பேசினால்தான் தெரிகிறது: இந்திய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகிவிட்டது. கடன்காரர்களைச் சந்திக்க வெட்கப்பட்டுக் கடைத்தெருவுக்கே போவதில்லை. இடுப்பு வலியும் இருக்கிறது. உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை ஆர்.டி.ஓ. அலுவலகம். இரண்டாவது, ஜமாஅத் பெரியவர் ஒருவர் உடன் போய்க் கடன்காரர்களிடம் தவணை பேசுவது. மூன்றாவது, டாக்டரிடம் கேட்டுவிட்டு, நெடுந்தூர வண்டிக்குப் பதிலாகப் பள்ளி வேன் போன்ற வேலை பார்ப்பது. இவருக்குப் பணத்தைவிடப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்படுகிறது.

மூன்றாமவர் கணவர் மவுத்தாகி, இத்தா முடிந்த 34 வயது சகோதரி. மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு. சின்னவனுக்கு மூன்று வயது. கணவரின் இறப்புச் சான்றிதழ்கூட வாங்கவில்லை. தையல் தெரியாது. ஆனால் அவர் செய்யும் இடியாப்பத்துக்குத் தெருவில் பெயர் உண்டு. அவருக்கான திட்டத்தை முழுதாக எழுதிப் பார்ப்போம்.

திட்டத் தாள்: ஒரு மாதிரி

*அவரிடம் இருப்பது:* சமையல் கைப்பக்குவம், கேஸ் அடுப்பு, பள்ளிவாசலுக்கு அருகில் வீடு, காலையில் உதவ மூத்த மகள்.

*அவர் விரும்புவது:* வீட்டிலிருந்தே காலை, மாலை இடியாப்பம் விற்பது. (இதை அவர் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது.)

*தடைகள்:* வீட்டில் இப்போதைக்கு அரிசி இல்லை, சான்றிதழ்கள் இல்லை, மாமியாருக்குச் சம்மதமில்லை, பெரிய பாத்திரம் இல்லை, கணக்கு எழுதிப் பழக்கமில்லை.

*முதல் 15 நாள்:* இரண்டு மாதத்துக்கான மளிகை பைத்துல்மாலிலிருந்து. இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க, இ-சேவை மையத்துக்கு ஒரு பெண் தொண்டர் உடன் போவார். மாமியாரிடம் அவர் மதிக்கும் மூத்த பெண்மணி ஒருவர் பேசுவார். சின்னவனை அங்கன்வாடியில் சேர்ப்பது தாயின் பொறுப்பு.

*30ஆம் நாளுக்குள்:* ஆவியில் அவிக்கும் பெரிய பாத்திரமும் இடியாப்பத் தட்டுகளும். சிறு உணவுத் தொழிலுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு. ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பம். முதல் பத்து வாடிக்கை வீடுகளை மஹல்லாவிலேயே பிடித்துக் கொடுப்பது.

*90ஆம் நாளுக்குள்:* மாவு, கேஸ், தேங்காய்ச் செலவைத் தினமும் நோட்டில் எழுதுவது. செலவு போக மிஞ்சுவதைப் பார்த்து மளிகை உதவியைக் குறைப்பது. தொழில் நிலைத்தால், டாம்கோ எனப்படும் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் கடனுக்கோ, மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தின் உதவிக்கோ முயல்வது.

*கையெழுத்து:* சகோதரி, உடன் வரும் தொண்டர்.

இவ்வளவுதான் தாள். ஒரே பக்கம். ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆளும் ஒரு தேதியும் இருக்கின்றன. “பார்க்கலாம்”, “சொல்லிவைக்கிறோம்” என்ற வார்த்தைகளுக்கு இதில் இடமில்லை.

கவனிக்க வேண்டியவை

அந்தத் தாள் ஓர் அமானிதம். ஒருவருடைய கடனும் நோயும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் உரக்க வாசிக்கவோ, வாட்ஸ்அப் குழுவில் போடவோ கூடாது. உதவி கொடுக்கும்போது போட்டோ எடுப்பதையும் தவிர்ப்போம். இடியாப்பம் விற்கும் அந்தத் தாயின் மகள் நாளை பள்ளிக்கூடத்தில் தலைகுனியக் கூடாது.

எந்தச் செலவை ஜகாத்திலிருந்து கொடுக்கலாம், எதை சதகாவிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதை உள்ளூர் உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஒரு தொண்டருக்கு மூன்று குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதினைந்து நாள் கணக்கு நமக்கும் நல்ல கணக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய், என்ன நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்க வேண்டும்.

சில திட்டங்கள் பலிக்காது. தம்பி தேர்வில் தவறலாம். இடியாப்பம் மழைக்காலத்தில் விற்காமல் போகலாம். அப்போது “இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் இப்படித்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது. அவர் உழைத்திருந்தால் குறை திட்டத்தில்தான் இருக்கும். தாளைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும்.

வீட்டில் பேசுவதற்கு

- நம் குடும்பத்தில் வேலை தேடுபவரிடம், அவருக்கு உண்மையில் என்ன தடை என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?
- நம் வீட்டுப் பெண்ணுக்கு நாமே தடையாக இருக்கிறோமா?
- கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள், ஓர் ஆளைப் பழக்கி எடுக்கத் தயாரா?
- விண்ணப்பம் எழுதவும் பாடம் சொல்லிக்கொடுக்கவும் வாரம் ஒரு மணி நேரம் யாரால் தர முடியும்?

அந்த அன்சாரித் தோழரிடம் இருந்தது ஒரு துணியும் ஒரு பாத்திரமும்தான். நம் மஹல்லாவில் அதைவிட அதிகமாகவே எல்லோரிடமும் இருக்கிறது. இந்த ஜும்ஆவுக்குப் பிறகு, வேலையில்லாமல் இருக்கும் ஒரே ஒருவருடன் அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் கேள்வியாக, “உங்களிடம் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். ஹலாலான உழைப்பில் அல்லாஹ் நம் அனைவருக்கும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.