பத்து ஏக்கரில் ஒரு பூ

வயலில் பயிர் அழிந்தால் வேறிடத்தில் விதை வாங்கி மீண்டும் விதைக்கிறோம். உலகில் ஒரே இடத்தில் மட்டும் வளரும் செடி அழிந்தால் யாரிடம் விதை வாங்குவது?

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், சில்வர் பீக் மலைத்தொடரின் வறண்ட சரிவுகளில், 'தீம் பக்வீட்' என்னும் சிறு செடி இளமஞ்சள் நிறத்தில் பூக்கிறது. 1983-ல் ஆர்னால்டு தீம் என்பவர் அதனைக் கண்டறிந்தார். அது வளரும் நிலம் மொத்தம் சுமார் 10 ஏக்கரே. நமது ஏரிகள் பலவற்றினும் சிறியது. 2020-ல் கொறிக்கும் பிராணிகள் வறட்சியில் வேர்களைத் தின்றதால் ஆயிரக்கணக்கான செடிகள் அழிந்தன.

அந்த மண்ணிலேயே லித்தியமும் போரானும் மிகுந்துள்ளன. மின்சார வண்டிகளின் பாட்டரிக்கு லித்தியம் தேவை. பெட்ரோல் புகையைக் குறைக்க விரும்புவதும் நியாயமே. ஆதலின் இதனைப் பேராசைக்கும் பூவிற்கும் இடையிலான வழக்கென ஒதுக்கிவிட இயலாது.

2022 டிசம்பரில் மத்திய அரசாங்கம் இச்செடியை அழியும் நிலையிலுள்ள இனமென அறிவித்து, 910 ஏக்கரை அதன் வாழிடமாகக் குறித்தது. பத்து ஏக்கர்ச் செடிக்கு இத்துணை நிலம் ஏன்? செடிகளைச் சுற்றி 500 மீட்டர் வரை, மகரந்தம் சுமக்கும் தேனீக்களுக்கும் வண்டுகளுக்கும் இடம் வேண்டும்; அவையின்றேல் விதை குன்றும். செடியைச் சுற்றி வேலியிட்டால் போதுமென்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

2024 அக்டோபரில் அங்கு சுரங்கத்திற்கு அனுமதி வழங்கப்பட்டது. செடிகள் நிற்கும் இடம் தோண்டப்படாது. குறித்த வாழிடத்தில் ஒரு பகுதி சுரங்க வேலைக்குள் வரும். அம்மாத இறுதியிலேயே இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் அவ்வனுமதியை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன.